ஒரு வினாடிக்கு எத்தனை பிரேம்? நழுவும் ஒலியும் நான்கு விடைகளும்

கைத்தொலைபேசியில் எடுத்த நீண்ட காணொளி ஒன்றை அந்தத் தொலைபேசியிலேயே ஓட்டிப் பார்க்கையில் பேசுபவரின் வாயும் குரலும் பிசகாமல் சேர்ந்து போகின்றன. அதே கோப்பைக் கணினியின் எடிட்டிங் மென்பொருளுக்குள் இறக்கியதும், தொடக்கத்தில் சரியாக நின்ற ஒலி பத்தாம் நிமிடத்துக்குள் படத்தை விட்டு விலகத் தொடங்குகிறது. சிலாபத்திலிருந்து உடப்பு, புத்தளம், கற்பிட்டி என நீளும் கரையோரத்தில் கல்யாணம், கோயில் திருவிழா, தேவாலயப் பெருநாள் என்று படம்பிடித்துத் தொகுப்பவர்களுக்கு இது வெறும் தொழில்நுட்ப விநோதமாக இருக்க முடியாது. ஸ்டூடியோ கமெராவின் காட்சிகளோடு விருந்தினர் தொலைபேசியில் எடுத்த துண்டுகளும், இத்தாலியிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்கும் உறவினர் வட்ஸ்அப்பில் அனுப்பும் வாழ்த்துகளும் இன்று ஒரே டைம்லைனில் வந்து குவிகின்றன. அவற்றில் கணிசமானவை நிலையான பிரேம் வீதம் இல்லாதவை.

இந்தப் பிசகை எங்கே திருத்துவது என்பதற்கு நான்கு விடைகள் புழக்கத்தில் உள்ளன. எடுக்கும்போதே தடுக்கலாம், மென்பொருளுக்குள் விடுமுன் கோப்பை மாற்றலாம், மென்பொருளே சமாளிக்கும்படி விடலாம், கடைசியில் கையால் இழுத்துப் பொருத்தலாம். ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருக்கிறது, ஒவ்வொன்றும் ஓரிடத்தில் தோற்கிறது. மாறும் வீதமுள்ள கோப்பு பழுதான கோப்பு என்ற எண்ணம் நான்கிலும் ஏதோ ஓரளவு ஒளிந்திருக்கிறது. அந்த எண்ணம் தவறு என்பதும், திருத்தங்களைப் பிரதியில் மட்டுமே செய்துகொண்டு மூலத்தைத் தொடாமல் வைத்திருப்பதே கிடைக்கும் சான்றுகளோடு பொருந்துகிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

24க்கு முன்னும் பின்னும்

ஒரு வினாடிக்கு எத்தனை பிரேம் என்ற கேள்விக்குச் சினிமாவின் வயது. எடிசனின் கினெட்டோஸ்கோப் ஏறக்குறைய 40 பிரேம்களை ஓட்டியது. 1895இல் லூமியர் சகோதரர்களின் கருவி சுமார் 16உடன் நின்றது. மௌனப்படக் காலத்தில் கமெராவைக் கையால் சுற்றினார்கள். சுற்றுபவரின் பழக்கம், காட்சியின் தேவை, படச்சுருளின் விலை எல்லாமே வீதத்தில் கைவைத்தன. புரொஜெக்டரை இயக்கியவரும் தன் பங்குக்கு வேறொரு வேகத்தில் ஓட்டினார். மௌனப்படங்களுக்குப் பொருத்தமான வேகம் எது என்பதைத் திரைப்பட வரலாற்றாசிரியர் கெவின் பிரவுன்லோ 1980இல் ஆராய்ந்து எழுதியபோது, எல்லாப் படத்துக்கும் பொருந்தும் ஒற்றை விடை அகப்படவில்லை. ஆகவே மாறும் பிரேம் வீதத்தைத் தொலைபேசி கொண்டுவந்த புது நோயாகப் பார்ப்பது வரலாற்றுக்கு ஒத்துவராது. பிந்தி வந்தது நிலையான வீதம்தான்.

அதைக் கொண்டுவந்தது ஒலி. 1920களின் இறுதியில் படத்தோடு ஒலித்தடமும் சேர்ந்து ஓடத் தொடங்கியதும், வேகம் சற்றுத் தளம்பினாலே பாட்டின் சுருதியும் தளம்பியது. படம் கொஞ்சம் விரைந்தால் கண் பொறுத்துக்கொண்டது, காது பொறுக்கவில்லை. 24 நிலைபெற்றது. தொலைக்காட்சி வந்தபோது வீதத்தை மின்சாரம் நிர்ணயித்தது: 50 ஹேர்ட்ஸ் மின்சாரமுள்ள நாடுகளில் 25, 60 ஹேர்ட்ஸ் உள்ள அமெரிக்காவில் 30. அந்த 30உம் 1953இல் வண்ண ஒளிபரப்புக்காக 29.97 ஆகச் சற்றுக் குறைக்கப்பட்டது. இலங்கையில் 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982இல் ரூபவாஹினியும் வந்தபின் பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையும் அதன் 25 பிரேமும் நாட்டின் வழக்கமாயின. கல்யாண வீடியோக் கடைகள் விஎச்எஸ் காலத்திலிருந்து சுவீகரித்துக்கொண்டது இந்த எண்ணைத்தான். இப்போதோ கைத்தொலைபேசிகள் பெரும்பாலும் 30இல் எடுக்கும்படி அமைக்கப்பட்டு விற்பனைக்கு வருகின்றன. எனவே தொலைபேசிக் காட்சி ஸ்டூடியோவுக்குள் நுழையும்போது, மாறும் வீதம் என்ற சிக்கலுக்கு முன்பே 30ஐ 25க்குள் அடைக்கும் சிக்கல் வாசலில் நிற்கிறது. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதால் விளையும் தவறுகளுக்குக் கீழே திரும்ப வருவோம்.

வீதம் ஏன் அலைகிறது

மிகப் பொதுவான காரணம் வெளிச்சம். தொலைபேசியின் உணரி சிறியது; இருட்டில் ஒவ்வொரு பிரேமுக்கும் அதிக நேரம் ஒளியை வாங்க வேண்டியிருக்கிறது. வினாடிக்கு 30 பிரேம் எடுக்க வேண்டுமென்றால் ஒரு பிரேமுக்கு 33 மில்லிவினாடிக்கு மேல் ஒதுக்க முடியாது. அது போதாதபோது தொலைபேசி எண்ணிக்கையைக் குறைத்துவிட்டு ஒளியைக் காப்பாற்றுகிறது. ஆண்ட்ரொய்டின் கமெரா இடைமுகம் செயலிகளிடம் வீதத்தை வீச்சாகவே கேட்கிறது: 15 முதல் 30 வரை என்று செயலி சொல்லிவிட்டால், அதற்குள் எங்கு நிற்பதென்று தானியங்கி ஒளியளவு முடிவு செய்துகொள்ளும். ஐபோனிலும் மங்கிய ஒளியில் வீதத்தைத் தானாகக் குறைக்கும் அமைப்பு உண்டு. உடப்புத் திரௌபதி அம்மன் கோயில் தீமிதியை இரவில் தொலைபேசியில் எடுப்பவருக்கு இதைவிடக் கடினமான ஒளிச்சூழல் அமைவது அரிது. தணலின் சிவப்பு, சற்றுத் தள்ளி மின்விளக்கு, நடுவில் இருட்டு. கமெரா ஒரு பக்கம் திரும்பினால் வீதம் ஏறும், மறுபக்கம் திரும்பினால் இறங்கும். நண்பகலில் புத்தளம் உப்பளங்களில் ஒளிக்குப் பஞ்சமில்லை, ஆனால் வெயிலில் சூடேறும் தொலைபேசி தன் வேகத்தைத் தானே கட்டுப்படுத்திக்கொள்கிறது. வீடியோ அழைப்பின் பதிவிலோ இணைய இணைப்பின் தரமே வீதத்தை ஆட்டுகிறது. திரைப்பதிவுச் செயலிகளில் சில, திரையில் எதுவும் மாறாதபோது புதிய பிரேமையே எழுதுவதில்லை.

இவ்வளவு அலைச்சலையும் கோப்பு நேர்மையாகவே குறித்துவைக்கிறது என்பதுதான் பலர் கவனிக்காத விஷயம். 1991இல் வெளிவந்த குயிக்டைம் வடிவமும் அதன் வழிவந்த எம்பி4 கோப்பும் 'இந்தக் காணொளி 30 பிரேம்' என்ற ஒற்றை எண்ணை நம்பி இயங்குவதில்லை. ஒவ்வொரு பிரேமும் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்ற அட்டவணை அவற்றின் உள்ளேயே இருக்கிறது. குயிக்டைம் ஒரு வினாடியை 600 கூறுகளாகப் பகுத்தது வசதியான தெரிவு. 24, 25, 30 மூன்றாலும் 600 மீதியின்றி வகுபடும். மைக்ரோசொப்ட் 1992இல் கொண்டுவந்த ஏவிஐ வடிவமோ ஒரு தடத்துக்கு ஒரே வீதம் என்ற எண்ணத்தில் கட்டப்பட்டது. தொலைபேசி தன் காணொளியைத் தானே சரியாக ஓட்டுவது இந்த அட்டவணையைப் படிப்பதால்தான். அட்டவணையைப் புறக்கணித்து, பெயரளவிலான வீதத்தையோ சராசரியையோ எடுத்துக்கொண்டு பிரேம்களை வரிசையாக அடுக்கும் மென்பொருளில்தான் பிசகு பிறக்கிறது.

எவ்வளவு பிசகும் என்பதைக் கணக்காகப் பார்த்தால் விஷயம் துலங்கும். 20 நிமிடக் காணொளியொன்றின் உண்மையான சராசரி 29.6 என்று கொள்வோம். அதில் 35,520 பிரேம்கள் இருக்கும். மென்பொருள் அவற்றை 30 என்று அடுக்கினால் படம் 1,184 வினாடியில் முடிந்துவிடும். ஒலியோ 1,200 வினாடி ஓடும். முடிவில் ஒலி 16 வினாடி பின்தங்கி நிற்கும். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 1998ஆம் ஆண்டுப் பரிந்துரை, ஒலி 45 மில்லிவினாடி முந்தினாலோ 125 மில்லிவினாடி பிந்தினாலோ பார்ப்பவர் அதைக் கண்டுகொள்ளத் தொடங்குகிறார் என்கிறது. அந்த எல்லையை மேற்சொன்ன காணொளி முதல் பத்து வினாடிக்குள்ளேயே கடந்துவிடும்.

எடுக்கும்போதே பூட்டிவிடலாம் என்போர்

முதல் தரப்பின் நியாயம் எளிமையானது: பிறக்காத பிழையைத் திருத்த வேண்டியதில்லை. ஐபோனின் தானியங்கி வீதக் குறைப்பை அணைத்துவிடலாம். பிளாக்மெஜிக் கமெரா போன்ற செயலிகளில் ஷட்டர், வீதம் இரண்டையும் கையால் நிலைநிறுத்தலாம். விளக்குக் கூட்டலாம். திட்டமிட்டு எடுக்கும் படப்பிடிப்பில் இதற்கு மிஞ்சிய அறிவுரை இல்லை.

இந்தக் கரையோரத்தில் அது எட்டும் தூரம் குறுகியது. தொகுப்பவரின் மேசைக்கு வரும் துண்டுகளில் பெரும்பகுதியை அவர் எடுக்கவில்லை. எடுத்தவராலும் மறுபடி எடுக்க முடியாது. தாலி ஒரு முறைதான் ஏறும். தீமிதி நடக்கும் இடத்தில் படத்துக்காகப் பெருவிளக்குப் போடுவதைக் கோயிலார் ஏற்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இருட்டில் வீதத்தைப் பூட்டுவதற்கு விலையும் உண்டு: ஒளி குறைந்து படம் கருக்கும், அல்லது உணரியின் உணர்திறனைக் கூட்டுவதால் புள்ளிபுள்ளியாகும். சீரான கருமையைவிடச் சீரற்ற தெளிவே மேல் என்று தொலைபேசியை வடிவமைத்தவர் முடிவு செய்திருக்கிறார். நினைவுக்காக எடுக்கும் ஒருவர் அந்த முடிவைக் குறை சொல்லமாட்டார்.

இத்தரப்பினர் சிலர் இன்னொரு படி போய், 50 ஹேர்ட்ஸ் மின்சாரமுள்ள நாட்டில் 25இல் மட்டுமே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் விளக்கொளி துடிக்கும் என்கிறார்கள். இது பாதி உண்மை. 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் குழல்விளக்கு வினாடிக்கு 100 முறை துடிக்கிறது. ஷட்டர் 1/50 அல்லது 1/100 வினாடி திறந்திருந்தால், ஒவ்வொரு பிரேமும் முழுத் துடிப்புகளையே வாங்கிக்கொள்ளும்; வீதம் 25 ஆனாலும் 30 ஆனாலும் ஒளியளவு மாறாது. துடிப்பைக் கொண்டுவருவது 1/60 போன்ற பொருந்தாத ஷட்டர்தான். யூடியூப்பிலும் பேஸ்புக்கிலும் மட்டுமே பார்க்கப்படப்போகும் ஒரு தொகுப்புக்கு 25ஐக் கட்டாயமாக்க இன்று வலுவான காரணம் தெரியவில்லை. தொலைக்காட்சிக்குப் போகும் நிகழ்ச்சியானால் கதை வேறு.

உள்ளே விடுமுன் மாற்றிவிடலாம் என்போர்

தொழில்முறைத் தொகுப்பாளரிடையே அதிகம் கேட்கும் விடை இது. மாறும் வீதக் கோப்பை முதலில் நிலையான வீதத்துக்கு மாற்று, பிறகு தொகு. ஹேண்ட்பிரேக் என்ற மாற்றுக் கருவியில் நிலையான வீதம் என்ற தெரிவு இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் ஃபப்ரிஸ் பெலார்ட் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் ஒரே கட்டளையில் இதைச் செய்து முடிக்கும். கேடென்லைவ், ஷொட்கட் ஆகிய இலவச எடிட்டர்கள் இத்தகைய கோப்பைக் கண்டதும் தாங்களாகவே எச்சரித்து, தொகுப்புக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றித் தரட்டுமா என்று கேட்கின்றன. இவை எல்லாவற்றிலும் நடப்பது ஒன்றே: நேர அட்டவணையைப் படித்து, சீரான இடைவெளியில் கோடு கிழித்து, பிரேம் இல்லாத இடத்தில் முந்தியதை இன்னொரு முறை வைப்பதும், இரண்டு நெருங்கி நிற்கும் இடத்தில் ஒன்றை விடுவதும். நேரம் காப்பாற்றப்படுகிறது, பிரேம்கள் கூட்டியும் குறைத்தும் சரிக்கட்டப்படுகின்றன.

இந்த முறை வேலை செய்கிறது என்பதில் ஐயமில்லை. எந்த மென்பொருளிலும் ஒரே மாதிரி நடக்கும் கோப்பு கையில் கிடைக்கிறது. ஒரு கடையில் தொடங்கிய வேலையை மற்றொரு கடையில் முடிக்கலாம். எனினும் மூன்று குறைகளைச் சொல்ல வேண்டும். முதலாவது இடம். ஐபோன் 1080 அளவில் 30 பிரேமில் சிக்கன வடிவில் எடுக்கும் காணொளி நிமிடத்துக்கு ஏறக்குறைய 60 மெகாபைட், மணிக்கு 3.6 கிகாபைட். அதையே தொகுப்புக்கு உகந்த புரோரெஸ் 422 வடிவத்துக்கு, அதுவும் 25 பிரேமில் மாற்றினாலும் மணிக்கு 55 கிகாபைட் ஆகிவிடும். பதினைந்து மடங்கு. நான்கு விருந்தினர் எடுத்த கல்யாணம் ஒன்றே ஒரு வன்தட்டில் பெரும்பங்கை விழுங்கிவிடும். சிறிய அளவில் இறுக்கினால் இடம் மிஞ்சும், தரம் போகும்.

இரண்டாவது, எந்த வீதத்துக்கு மாற்றுவது என்பது. மேலே சொன்ன குழப்பம் இங்கேதான் பலிவாங்குகிறது. கோப்பின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்போ போன்ற கருவி 'சராசரி 29.6' என்று காட்டினால், அந்த 29.6ஐயே இலக்காக வைப்பவர்கள் உண்டு. விளைவு எந்த டைம்லைனுக்கும் பொருந்தாத கோப்பு. வேறு சிலர் பழக்கத்தால் நேரே 25க்குப் போகிறார்கள். 30இல் எடுத்ததை 25க்குக் கொண்டுவர ஒவ்வொரு ஆறு பிரேமிலும் ஒன்றை எறிய வேண்டும். பேசும் முகத்தில் அது தெரியாமல் போகலாம். கற்பிட்டிக் கடலில் பாயும் டொல்பினையோ அலையில் ஆடும் தோணியையோ தொடர்ந்து செல்லும் கமெராவில் தவறாமல் தெரியும். அசைவு சீராக வந்து, ஒரு கணம் தவறி, மறுபடி சீராகும். பெயரளவில் 30 என்றால் 30க்கே மாற்றி, தொகுப்பையும் முடிந்தவரை 30இலேயே நடத்துவது பாதுகாப்பானது என்றே தோன்றுகிறது. 25 கமெராக் காட்சிகள் பெரும்பான்மையாக இருந்தால் இந்தப் பரிந்துரை தலைகீழாகும்.

மூன்றாவது குறையைப் பற்றிப் பேச்சே குறைவு. மாற்றும்போது எடுத்த திகதி, இடம், சில சமயம் திசை, விரிந்த ஒளிவீச்சுத் தகவல் எல்லாம் உதிர்ந்துபோகலாம். அவற்றோடு எந்த பிரேம் உண்மையில் கமெரா கண்டது, எது நிரப்பியது என்ற தகவலும் போகிறது. மாற்றிய கோப்பைப் பார்த்து அதைப் பிரித்தறியும் நேரான வழி இல்லை.

எல்லாக் கோப்பையும் கண்மூடித்தனமாக மாற்றுவதும் தேவையற்றது. கருவி 'மாறும் வீதம்' என்று காட்டுவதெல்லாம் நோயல்ல. மட்ரோஸ்கா வடிவம் வழக்கமாக நேரத்தை மில்லிவினாடியில் குறிக்கிறது, 33.33 என்பதை 33, 33, 34 என்று எழுதும்போது முற்றிலும் சீரான காணொளிகூட மாறுவதுபோல் தோற்றமளிக்கும். மிகக் குறைந்ததும் மிகக் கூடியதுமான வீதம் 29.9, 30.1 என்று நெருங்கி நின்றால் பெரும்பாலும் கவலைக்கு இடமில்லை. ஒன்று 14, மற்றது 30 என்றால் இடமுண்டு.

மென்பொருளே பார்த்துக்கொள்ளட்டும் என்போர்

அட்டவணை கோப்புக்குள்ளேயே இருக்கும்போது அதைப் படிப்பது மென்பொருளின் கடமையல்லவா? மூன்றாம் தரப்பின் இந்தக் கேள்வி தர்க்கத்தில் நான்கிலும் வலிமையானது. அடோபி பிரீமியர் புரோ பல ஆண்டுகள் இக்கோப்புகளைத் தடுமாறித்தான் வாங்கிக்கொண்டது. பின்னர் மாறும் வீதத்தைக் கண்டறிந்து, ஒலியிணைவைக் காப்பதா, அசைவின் மென்மையைக் காப்பதா என்று இரு தெரிவுகளைத் தரலாயிற்று. ஃபைனல் கட் புரோவும் பெரும்பாலான தொலைபேசிக் கோப்புகளை மாற்றாமலே ஏற்கிறது. இடமும் நேரமும் மிஞ்சுகின்றன, மூலமும் அப்படியே இருக்கிறது.

ஆனால் அந்த இரு தெரிவுகளே ஓர் ஒப்புதல் வாக்குமூலம்போல் நிற்கின்றன. டைம்லைன் என்பது சீரான கட்டங்களால் ஆனது; சீரற்ற பிரேம்களை அதில் வைக்கும் எந்த மென்பொருளும் ஒன்றைக் காத்து மற்றொன்றை விட்டே ஆக வேண்டும். மாற்றித் தரும் கருவி செய்த அதே சரிக்கட்டலை இங்கே மென்பொருள் கண்ணுக்குத் தெரியாமல், ஓடும்போதே செய்கிறது. ஒவ்வொரு மென்பொருளும் தன் வழியில் செய்வதால் ஒன்றில் பொருந்திய வெட்டு மற்றொன்றில் பொருந்தாமல் போகிறது. வெட்டுப்பட்டியலை ஒரு மென்பொருளிலிருந்து மற்றதற்குக் கொண்டுசெல்லும் பழைய வழிகள் மணி, நிமிடம், வினாடி, பிரேம் என்ற முழு எண்களில் பேசுபவை. சீரற்ற பிரேமுக்கு அவற்றில் இடமே இல்லை. வண்ணத்துக்கு ஒருவர், ஒலிக்கு ஒருவர் என்று வேலை பிரியும் தொகுப்பில் இது உடனே தெரியும். ஒருவரே தொடங்கி ஒருவரே முடிக்கும் சிறுகடையில் தெரியாமலே போகலாம். அத்தகைய கடைக்கு இம்மூன்றாம் விடையே போதுமானது என்று சொல்வதில் தவறில்லை. ஏற்றுமதி செய்த கோப்பின் நடுப்பகுதியையும் ஒருமுறை பார்த்துவிட்டால் சரி.

கையால் இழுத்துப் பொருத்துதல்

நடுப்பகுதியை வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. ஒலியைப் படத்திலிருந்து பிரித்து, முதலையும் முடிவையும் பொருத்தி, இடையில் உள்ளதை இழுத்துச் சமன்செய்வது பழைய கைப்பழக்கம். பிசகு சீராக வளர்ந்தால் இது பலிக்கும். 29.97ஐ 30 என்று தவறாகப் படித்ததால் வந்த பிசகு மணிக்கு 3.6 வினாடி, அதை நூற்றுக்கு 0.1 வேகமாற்றத்தில் தீர்த்துவிடலாம். தொடக்கம் முதல் ஒரே அளவு விலகியிருந்தால் ஒலியை அந்த அளவு நகர்த்தினால் போதும். அது வீதத்தின் பிழையே அல்ல. மாறும் வீதம் இவ்விரண்டிலும் சேராது. 20 நிமிடக் காணொளியின் முதல் பாதி இருட்டில் 24ஆகவும் மறுபாதி வெளிச்சத்தில் 30ஆகவும் பதிவானது என்று வைப்போம். சராசரி 27. மென்பொருள் 27 என்று அடுக்கினால் தொடக்கமும் முடிவும் அப்பழுக்கின்றிப் பொருந்தும். இடையிலோ பத்தாம் நிமிடத்துக் காட்சி 66 வினாடிக்கு மேல் முந்தி வரும். இரண்டு முனையையும் சோதித்துவிட்டு வேலையை ஒப்படைப்பவர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. இழுப்பதற்குப் பதில் துண்டுதுண்டாக வெட்டி நகர்த்தலாம், ஆனால் ஒவ்வொரு வெட்டிலும் பாட்டு தாளம் தப்பும்.

கைத்திருத்தத்துக்கு எதிரான ஆழமான மறுப்பு இன்னொன்று. எல்லா விலகலும் பிழையல்ல. ஒலி காற்றில் வினாடிக்கு ஏறக்குறைய 340 மீற்றர்தான் செல்கிறது. கரைவலை இழுக்கையில் பாடும் அம்பாப் பாடல்கள் உடப்பு மீனவரின் அறியப்பட்ட மரபு. வலையின் இரு கயிறுகளை இரண்டு கூட்டங்கள் கரையில் இடைவெளி விட்டு நின்று இழுக்கின்றன. ஒருவர் அடியெடுக்க மற்றவர் ஏற்கின்றனர். ஒரு கூட்டத்தின் அருகே நின்று 100 மீற்றர் தள்ளியிருக்கும் மற்றதைப் படம்பிடித்தால், அவர்களின் குரல் உண்மையிலேயே 0.29 வினாடி பிந்தித்தான் கமெராவுக்கு வரும். 25 பிரேம் கணக்கில் அது ஏழு பிரேம். உடல் சாய்வதையும் குரல் எழுவதையும் ஒன்றாக்க நினைத்து அந்த ஏழு பிரேமை நகர்த்துபவர், கரையில் நின்றவர் கேட்டதைத் திருத்திவிடுகிறார். காதை மட்டும் நம்பிப் பொருத்தும்போது இயற்கையான பிந்தலையும் மென்பொருளின் பிசகையும் பிரிக்க முடியாது. நேர அட்டவணையைப் படித்துப் பொருத்தும்போது முடியும்.

எது மூலம்

இங்கிருந்து பார்த்தால் நான்கு தரப்புக்கும் நடுவே ஒரு பொதுவான பற்றுக்கோடு தெரிகிறது. தொலைபேசி எழுதிய நேர அட்டவணையே அந்த நிகழ்வின் காலத்துக்கு நமக்குக் கிடைக்கும் மிக நெருங்கிய சாட்சி. திருத்தம் எதுவானாலும் அதிலிருந்து பிறக்க வேண்டும். எந்தத் திருத்தமும் அதை அழிக்கக் கூடாது. நடைமுறையில் நடப்பது இதற்கு மாறானது. மாற்றிய பெரிய கோப்பு 'நல்ல பிரதி' என்று வன்தட்டில் தங்கிவிடுகிறது, தொலைபேசியின் சிறிய மூலம் இடத்துக்காக அழிக்கப்படுகிறது. கணக்குப்படி தலைகீழாகச் செய்வதே லாபம். மணிக்கு 55 கிகாபைட் கொள்ளும் இடைப்பிரதியை வேலை முடிந்ததும் அழித்துவிடலாம். மூலம் இருந்தால் வேண்டும்போது மறுபடி உண்டாக்கிக்கொள்ளலாம். 3.6 கிகாபைட் மூலத்தை அழித்தால் மீட்க வழியில்லை. சிறுகடைகளால் இரண்டையும் வைத்திருக்க இயலாது என்ற மறுப்புக்கு இதுவே பதில்: இரண்டையும் வைக்கத் தேவையில்லை.

வட்ஸ்அப்பில் வந்ததை மூலம் என்று எப்படிக் கொள்வது என்பது இன்னொரு மறுப்பு, இது நியாயமானது. சாதாரணமாக அனுப்பிய காணொளி வழியிலேயே சுருக்கி மீண்டும் எழுதப்படுகிறது. பிரேம்களின் நேரம் அதில் முதற்பதிவிலிருந்து ஒருபடி விலகியிருக்கலாம். ஆவணமாக இணைத்து அனுப்பச் சொன்னால் கோப்பு சுருங்காமல் வரும். 2 கிகாபைட் வரை அதற்கு இடமுண்டு. வென்னப்புவையிலிருந்து இத்தாலிக்குப் போன உறவினரிடம் இதை விளக்குவது எவ்வளவு கைகூடும் என்பது வேறு விஷயம். கைகூடாதபோது, வந்த கோப்பையே நமக்குக் கிடைத்த முதற்பதிவாக வைத்துக்கொள்வது தவிர வழியில்லை.

கல்யாண வீடியோவுக்கு இவ்வளவு கவனம் மிகை என்று ஒருவர் சொல்லலாம். அந்தக் குடும்பத்தைப் பொறுத்தவரை உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் இதே தொலைபேசிகள்தான் இக்கரையின் அம்பாப் பாடலையும், சிராம்பியடியில் வாழும் ஆபிரிக்க வம்சாவளியினரின் மன்ஜா இசையையும், முன்னேஸ்வரத் திருவிழாவையும், தலவில புனித அன்னம்மாள் பெருநாளையும் பதிகின்றன. மன்ஜாவில் கை விழும் கணமும் தாளமும் பிரிந்தால் பாட்டின் அமைப்பை ஆராய்பவருக்கு அந்தப் பதிவு உதவாது. ஆவணக் காப்பகங்கள் விரும்பும் மட்ரோஸ்கா, எஃப்எஃப்வி1 போன்ற திறந்த வடிவங்கள் இப்போது இணையத் தரநிலை அமைப்பின் ஆவணங்களாகவே வெளியாகியுள்ளன. எஃப்எஃப்வி1 2021இல், மட்ரோஸ்கா 2024இல். மட்ரோஸ்கா கோப்பில் மாறும் நேரத்தை வைக்க இடமுண்டு. சிக்கல் வடிவத்தில் இல்லை. காப்பகத்துக்குப் போய்ச் சேருவது பெரும்பாலும் தொகுத்து முடித்த கோப்பு என்பதில் இருக்கிறது.

தீராதவை

சீரான கட்டங்களை விட்டுவிட்டு, நேரத்தையே அடிப்படையாகக் கொண்டு தொகுக்கும் மென்பொருள் பரவலாகுமா என்பது முதலில் திறந்து நிற்கும் கேள்வி. பிக்சார் 2017இல் திறந்த மூலமாக வெளியிட்ட ஓப்பன்டைம்லைன்ஐஓ, வெட்டின் நேரத்தை எண்ணாகவும் வீதமாகவும் சேர்த்தே சுமந்து செல்கிறது. வெவ்வேறு வீதமுள்ள துண்டுகளை ஒரே பட்டியலில் வைக்க அது உதவும். ஒரே துண்டுக்குள் பிரேமுக்குப் பிரேம் மாறும் நேரத்துக்கு அது மட்டும் போதாது. பார்வையாளரின் திரையும் பெரும்பாலும் சீராகவே புதுப்பித்துக்கொள்வதால், கடைசிக் கட்டத்தில் ஏதோ ஒரு சரிக்கட்டல் நடந்தே தீரும். அதைத் தொகுப்பவர் செய்வதா, ஓட்டும் கருவி செய்வதா என்பதில்தான் பேரம்.

தொலைபேசித் தயாரிப்பாளர் தங்கள் கமெரா எந்தச் சூழலில் வீதத்தை எவ்வளவு குறைக்கும் என்பதை விரிவாக வெளியிடுவதில்லை. அதனால் ஒரு மாடலில் கண்ட அனுபவத்தை அடுத்ததற்குப் பொருத்திப் பேசுவதில் எப்போதும் ஆபத்துண்டு. இந்தத் துறையில் உலவும் அறிவுரைகள் பல அந்த ஆபத்துக்குள்தான் நிற்கின்றன.

இன்னொன்று இதைவிட நெருடலானது. விடுபட்ட பிரேம்களை, இருபுறமும் உள்ளவற்றைக் கொண்டு கணித்து வரையும் ஒளியோட்ட முறைகள் முன்பே மென்பொருள்களில் இருந்தன. இப்போது செயற்கை நுண்ணறிவு அவற்றை மிகவும் நம்பும்படி செய்கிறது. தீமிதியில் 15ஆக இறங்கிய பகுதியை 30ஆக நிரப்பினால் நடை மென்மையாகும், ஒலியும் சேரும், பார்ப்பவருக்குக் குறை தெரியாது. கால் தணலில் பட்ட அந்த பிரேம் கமெரா காணாததாக இருக்கலாம். குடும்பத்துக்குக் கொடுக்கும் பிரதியில் இதற்குத் தடை சொல்ல ஒன்றுமில்லை. டொல்பின் கூட்டத்தின் பாய்ச்சலை எண்ணும் ஆய்வாளருக்கும், கடல் விபத்தொன்றின் பதிவைச் சான்றாகக் கேட்கும் நீதிமன்றத்துக்கும் எந்த பிரேம் எடுத்தது, எந்த பிரேம் வரைந்தது என்பது தெரிந்தாக வேண்டும். ஏற்றுமதியான கோப்பு இப்போதைக்கு அந்த வேறுபாட்டைத் தாங்குவதில்லை. மூலக் கோப்பை அருகில் வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிடுவதுதான் அறியும் வழி.